ரேடியேற்றரை இறைத்த மனுசன்

1

இன்று காலை ஹைசுங் போட்டுவிட்டார்கள்.

ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு முதலில் இதை விளக்க வேண்டும். ஹைசுங் என்றால் வீட்டைச் சூடாக்கும் ஏற்பாடு. கட்டடத்தின் அடியில் ஒரு பொயிலர் தண்ணீரைச் சூடாக்கும். அந்தத் தண்ணீர் குழாய் வழியே எல்லா வீட்டுக்கும் ஏறி, யன்னல்களுக்குக் கீழே நிற்கும் ரேடியேற்றர் என்கிற இரும்புக் கூட்டுக்குள் புகுந்து, அறையைச் சூடாக்கிவிட்டு மறுபடி கீழே இறங்கும். ஐப்பசியில் போடுவார்கள். சித்திரை கழிந்துதான் நிறுத்துவார்கள். "உங்களுக்கென்ன, சுவிசிலே சொகுசாக இருக்கிறீர்கள்" என்று கடிதம் எழுதுகிறவர்கள் தயவுசெய்து மேற்கொண்டும் வாசிக்கவும்.

போட்டது நல்லதுதான். ஆனால் போட்ட கையோடு எங்கள் இருப்பறை ரேடியேற்றர் தொடங்கிவிட்டது. பேதிக்குக் குடித்தவனின் வயிறு மாதிரிக் களக் களக் என்று ஒரு புரளல், பிறகு ஒரு இழுவை, பிறகு ஒரு டொக். நான் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றேன். என் மனுசன் சப்பாத்துப் போடுவதை நிறுத்திவிட்டு ரேடியேற்றரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"காத்து," என்றார்.

"இருந்திட்டுப் போகட்டும்."

"ஒரு கால் திருகு திருகினாப் போதும்."

"நீங்கள் அதிலை கை வையுங்கோ பாப்பம்."

திருகுவதற்குக் குறடு, அந்த இரும்பு இடுக்கி, தேடுவார் என்று தெரியும். அது என் கைப்பைக்குள் இருக்கிறது. குளிர் தொடங்கிய நாள்முதல் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதிக்கு வேலைக்குப் போகும்போதும் அதைக் காவிக்கொண்டுதான் திரிகிறேன். என்னோடு துணி மடிக்கும் போர்த்துக்கல்காரி ஒருநாள் கண்டுவிட்டு, தெருவிலே ஆராவது தொந்தரவோ என்று இரக்கத்தோடு கேட்டாள். தெருவிலே இல்லை, வீட்டிலே என்றேன். அவள் இன்னும் கூடுதலாக இரங்கினாள்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டடத்தின் நிர்வாகம் எங்களுக்கு எழுதிய கடிதம் ஒன்று அலுமாரிக்குள் இருக்கிறது. எங்கள் வீட்டு ஆள் இன்னொரு தரம் ஹைசுங்கில் கை வைத்தால் வாடகை ஒப்பந்தம் முடிந்தது என்று அதில் இருக்கிறது. பேர்ன் நகருக்குப் பக்கத்து ஓஸ்டர்முண்டிகனில் இந்த வீட்டை எடுக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அதற்கு முன்னே அகதிகள் விடுதியில், திரைச்சீலை கட்டிப் பிரித்த ஒரே அறையில் மூன்று குடும்பம். தொலைபேசியில் எங்கள் குரலைக் கேட்டதுமே "குடுத்தாச்சு" என்று வைத்துவிடுவார்கள். தஞ்ச விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. இந்த வீடும் போனால் மகளின் பள்ளிக்கூடமும் போகும், திரும்பத் திரைச்சீலைதான். இவ்வளவும் தெரிந்துகொண்டு இந்த மனுசன் ஒரு கால் திருகு என்கிறார்.

2

போன ஐப்பசியில்தான் இங்கே வந்தோம். வந்த கிழமையே ரேடியேற்றர் சத்தம் போடத் தொடங்கியது. நான் என்றால் பேசாமல் விட்டிருப்பேன். எண்பத்துமூன்றுக்குப் பிறகு எத்தனையோ சத்தம் கேட்டு வந்த காது, இந்தக் கண்டறியாத இரும்புச் சத்தம் என்ன பெரிது.

இவர் விடவில்லை. இவர் ஊரிலே தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவர். வெங்காயத் தோட்டக்காரர் பம்பைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்து, நான் படலை திறக்கு முன்னமே நிற்பார்கள். இங்கே ஒரு உணவகத்தின் பின்பக்கத்தில் சட்டி கழுவுகிறார். கையில் தொழில் இருந்த மனுசன் பழுதான இரும்பைக் கண்டால் சும்மா இருப்பாரோ.

திருப்புளியின் நுனியை ரேடியேற்றரில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். பம்புக்கும் இப்படித்தான் பார்ப்பார். மேலே வைத்தார், கீழே வைத்தார், குழாயில் வைத்தார். பிறகு எனக்கும் மகளுக்கும் வகுப்பு நடந்தது. களக் களக் என்றால் உள்ளே காற்று நிற்கிறது. டிக் டிக் என்றால் குழாய் சூட்டில் நீண்டு சுவரோடு உரசுகிறது, அதற்கு மருந்து இல்லை. விசில் அடித்தால் எங்கேயோ ஒரு திருகு பாதி மூடிக் கிடக்கிறது. மகள் தர்சினி ஐந்தாம் வகுப்பு. பாதி வகுப்பிலேயே வீட்டுப்பாடத்தைத் தூக்கிக்கொண்டு மற்ற அறைக்குப் போய்விட்டாள்.

"இது காத்துத்தான், சந்தேகமில்லை," என்றார்.

அதிலே பிழை இல்லை. ரேடியேற்றரின் மேல் மூலையில் சின்னச் சதுர ஆணி ஒன்று இருக்கிறது. அதைத் திருகுவதற்கென்றே சாவி மாதிரி ஒரு குட்டித் திறப்பை இரும்புக்கடையில் விற்கிறார்கள். வாங்கி வந்து, தொலையாமல் இருக்க அதில் ஒரு சிவப்பு நூலையும் கட்டித் திருகினார். ஸ்ஸ் என்று காற்றுப் போனது. பிறகு தண்ணீர் வந்தது. சத்தம் நின்றது. அந்த இடத்தில் மூடிவிட்டு எழும்பியிருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திராது.

வந்த தண்ணீர் கறுப்பு. நல்ல மைக்கறுப்பு. ஒரு சேற்று மணம் வேறு. தண்ணீர் பிடித்த கிண்ணத்தை யன்னல் வெளிச்சத்தில் தூக்கி இவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இஞ்சாரும், இதை எத்தினை வருசமா இறைக்கேல்லையோ தெரியாது," என்றார்.

கிணறு இறைக்கிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. கோடையில் தண்ணீர் அடிக்குப் போனதும் பம்பைப் போட்டு முழுக்க இறைத்து, சேற்றை வழித்து, ஊற்றுத் தெளிந்து வரும்வரை விடமாட்டோம். கலங்கின கிணற்றை அப்படியே விட்டுவைக்கிற வீட்டில் ஒருவரும் வாய் நனைக்க மாட்டார்கள். அயல் முழுக்கக் கிணறு இறைக்க இவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவருக்குச் சுவிஸ்காரனின் இரும்புக்குள்ளே ஒரு கலங்கின கிணறு கிடைத்துவிட்டது.

ஞாயிறு தோறும் இறைப்பு. இங்கே ஞாயிற்றுக்கிழமை ஒரு போத்தலைக்கூடச் சத்தமாகக் குப்பைத் தொட்டியில் போடக்கூடாது. என் மனுசன் அறைக்கு ஒரு வாளி வைத்து ரேடியேற்றரை இறைக்கிறார். தண்ணீர் நூல் மாதிரித்தான் வழியும். ஒரு வாளி நிரம்புவதற்குள் நான் சோறு, பருப்பு, ஒரு கறி முடித்துவிடுவேன். நிரம்பியதைக் கக்கூசில் ஊற்றிவிட்டு மறுபடி வைப்பார்.

"தெளியுது, பாரும்," என்பார்.

எனக்கென்றால் போன வாளிக்கும் இந்த வாளிக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"இவ்வளவு தண்ணியும் எங்கையிருந்து வருது?"

"கீழை பெரிய தாங்கி இருக்கும். ஊறிக்கொண்டிருக்கும்."

3

ஞாயிறு இறைத்தால் திங்கள், செவ்வாய் அமைதி. வியாழன் வந்தால் மறுபடி களக் களக், முந்தியதிலும் மோசமாக. இவருக்கு அதிலும் சந்தோசம். அடியில் கிடந்த ஊத்தை கிளம்புகிறதாம். வருத்தம் கூடக் கூட மருந்து வேலை செய்கிறது என்று சொல்கிற பரியாரிகளை நான் முன்னமும் கண்டிருக்கிறேன்.

பிறகு மேல்வீட்டிலும் தொடங்கியது. எங்களுக்கு நேர் மேலே இருக்கிறவர் ஃபிராவ் மோசர், அதாவது திருமதி மோசர். தனியே வாழும் விதவை. நாங்கள்தான் குழாயில் எதையோ போட்டு இடிக்கிறோம் என்று நினைத்து, வீடு கூட்டுகிற தும்புத்தடியால் நிலத்தில் இடித்தார். ஒரு காலை படியிறங்கியே வந்துவிட்டார். றேடியோ கேட்க முடியவில்லை, நிர்வாகத்துக்கு எழுதப்போகிறேன் என்று வாசலில் நின்று சொன்னார். சலவை அறையில் எங்கள் முறையில்லாத நாளில் சேலை உலர்த்தியதற்காக ஒரு எச்சரிக்கை ஏற்கெனவே வந்திருந்தது. நான் மன்னிப்புக் கேட்க ஜெர்மன் சொல் தேடினேன்.

இவர் தேடவில்லை. திறப்பை எடுத்துக் காட்டி, விரலை மேலே நீட்டி, "இக் மாகன்" என்றார். நான் செய்கிறேன் என்று அர்த்தம். அந்த விசயத்துக்கு இவரிடம் இருந்த ஜெர்மன் அவ்வளவும்தான். மனுசி என்ன நினைத்தாவோ, வழிவிட்டா. இவர் மேலே போய்க் காற்றைத் திறந்துவிட்டு, சத்தத்தை நிறுத்திவிட்டு, ஒரு தட்டு அப்பிள் கேக்கோடு இறங்கி வந்தார்.

அதற்குப் பிறகு தும்புத்தடி இடித்தால் கோபம் இல்லை, அழைப்பு. "ஹெர் நாதன்", அதாவது திரு நாதன், என்று இவரைக் கூப்பிடும் குரல் படிக்கட்டில் வரும். சட்டி கழுவப் போக ஒருநாளும் சீப்பால் தலை இழுக்காத மனுசன், மேல்வீட்டு ரேடியேற்றரைப் பார்க்கப் போக எண்ணெய் வைத்துத் தலை இழுத்தார். எனக்கு எரிச்சல் ஒரு பக்கம். இந்த நாட்டில் முதல்முதலாக ஒரு ஆள் இவரைத் தொழிலுக்குக் கூப்பிடுகிறாளே என்று இன்னொரு பக்கம். ஆனால் எங்கள் வீட்டுக் குசினிக் குழாய் அந்த மாரி முழுக்க ஒழுகியது, அதைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதையும் இந்த இடத்தில் எழுதி வைக்கிறேன்.

மேலேயும் அதே கறுப்பு. அங்கேயும் வாளி வைத்தார்.

4

தை மாதம், வெளியே பனி இறுகிக் கிடந்த ஒரு காலை, ரேடியேற்றர் எல்லாம் செத்துக் குளிர்ந்துவிட்டன. முதலில் மேல்மாடி, பிறகு நாங்கள், பிறகு கீழ்வீடுகள். பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குள்ளேயே தொப்பியும் கையுறையுமாக நின்றார்கள்.

மத்தியானம் ஹெர் லூதி வந்து மணி அடித்தார். அவர் அப்வார்ட், அதாவது கட்டடத்தைப் பராமரிக்கிற ஆள். பெரிய உடம்பு, மெல்லிய குரல். அவர் கதைப்பது பேர்ன் ஜெர்மன். எனக்கும் இவருக்கும் அதில் பாதியும் பிடிபடாது. தர்சினிதான் நடுவில் நின்று மொழிபெயர்த்தாள். தண்ணீர் குறைந்ததால் பொயிலர் தானாக நின்றுவிட்டது. கிழமைக்குக் கிழமை அவர் தண்ணீர் விட்டு நிரப்பியும் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. குழாய் எங்கேயோ வெடித்திருக்க வேண்டும். நாளைக்கு ஆட்கள் வந்து குளியலறை நிலங்களை உடைத்துப் பார்க்கப் போகிறார்கள்.

"கீழை தாங்கி இல்லையோ எண்டு கேள்," என்றார் இவர்.

லூதி விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார். இன்னொரு வட்டம் போட்டார். நிறையக் கதைத்தார்.

"அது ஒரே தண்ணியாம் அப்பா," என்றாள் தர்சினி. "சுத்திச் சுத்தி வாறதாம். வருசக்கணக்கா அதே தண்ணியாம். ஒரு துளியும் வெளியிலை போகக் கூடாதாம். குறைஞ்சா மேலை காத்துப் புகுமாம். புதுத் தண்ணி விட்டா அதுக்குள்ளையும் காத்து இருக்குமாம், இரும்பும் துருப்பிடிக்குமாம். கறுத்த தண்ணிதான் நல்ல தண்ணியாம்."

எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. வியாழக்கிழமைச் சத்தம், மேல்வீட்டுச் சத்தம், இப்போது கட்டடம் முழுக்க விறைத்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகள், எல்லாம் எங்கள் வாளிக்குள்ளே. அந்த வாளி குளியலறைக் கதவுக்குப் பின்னால் இன்னும் நிரம்பியபடி நின்றது.

லூதி கடைசியாக ஒன்று கேட்டார். மகள் அதை மொழிபெயர்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். வீட்டில் ஆராவது ரேடியேற்றரைத் திறந்தீர்களோ என்பதுதான் கேள்வி, அதை விளங்க எனக்கு ஜெர்மன் தேவைப்படவில்லை. பிள்ளை ஒரு பொய் சொல்ல வேண்டும் என்று நான் மனதாரக் கும்பிட்டேன்.

"எர் வைஸ் நிட்," என்றாள். அவருக்குத் தெரியாதாம்.

"என்ன சொன்னனீ?" என்று இவர் கேட்டார்.

"ஒண்டுமில்லை அப்பா."

"எனக்கு 'நிட்' விளங்கும் பிள்ளை."

'நிட்' என்றால் இல்லை. இந்த நாட்டில் எங்களுக்கு எல்லாரும் முதலில் சொன்ன சொல் அதுதானே. இவர் குளியலறைக்குப் போனார். அந்தக் கோதாரி விழுந்த வாளியைத் தூக்கி வந்து லூதியின் காலடியில் வைத்தார்.

"இக்," என்று நெஞ்சில் கை வைத்தார். "வாசர். இக்." தண்ணீர். நான். பிறகு மேலே காட்டி, "ஃபிராவ் மோசர். இக்."

லூதி வாளிக்குள் பார்த்தார். இவரைப் பார்த்தார். கையை நீட்டினார். இவர் சிவப்பு நூல் கட்டிய திறப்பை அந்தக் கையில் வைத்தார். லூதி திறப்போடு படியிறங்கிப் போனார்.

கதவைச் சாத்தியதும் தொடங்கினோம். சுவருக்குக் கேட்குமே என்று குரலை அடக்கித்தான் சண்டையும் பிடிக்க வேண்டியிருந்தது.

"பிள்ளை காப்பாத்தினதை நீங்கள் கெடுத்துப்போட்டியள்."

"நிலத்தை உடைக்கப்போறாங்கள். நான் பாத்துக்கொண்டு நிக்கிறதோ?"

"வீடு போனா என்ன செய்வியள்?"

இவர் என்னை விட்டுவிட்டு மகளிடம் திரும்பினார். "என்ரை வாயிலை நீ பொய் வைக்காதை. நான் சொல்லுறதைத்தான் நீ சொல்லோணும்."

தர்சினிக்குக் கண் நிரம்பிவிட்டது. "சரி," என்றாள். "இனி அப்பிடியே சொல்லுறன். ஒரு சொல்லும் விடமாட்டன்."

அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். எங்கள் வீட்டில் அதுவரை உள்ளே ஒருவரும் கதவு பூட்டியதில்லை.

5

நிர்வாகத்தின் கடிதம் உடனே வரவில்லை. அது வரும்வரை ஒரு நாளில் மூன்று தரம் கடிதப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். பனி கரைந்த பிறகுதான் வந்தது. குடியிருப்பாளர் தானாகவே ஒத்துக்கொண்டார் என்று அப்வார்ட் தெரிவித்ததால் இந்த முறை விடுகிறோம், இனியொரு முறை இல்லை. இவர் என்னைப் பார்த்து, "பாத்தீரோ" என்று சொல்ல வாயெடுத்தார். நான் அதைச் சொல்ல விடவில்லை.

மகள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அதன் அவதியை எப்படிச் சொல்ல. பல் வைத்தியரிடம் போனோம். இந்தாளின்ரை கை என்ன இப்பிடி நடுங்குது என்று நான் வாய்க்குள் முணுமுணுத்ததையும் மொழிபெயர்த்தாள். பள்ளிக்கூடத்தில் ரீச்சர் கூப்பிட்டு, எல்லாப் பிள்ளைகளும் எங்கடின் என்கிற மலைப்பக்கம் பனிச்சறுக்கு முகாமுக்குப் போகிறார்கள், இவளையும் விடுங்கள் என்று கேட்டார்.

"யோசிச்சுச் சொல்லுறம் எண்டு சொல்லு," என்றேன். "பிறகு ஏலாது எண்டு சொல்லுவம்."

இரண்டையும் சொன்னாள். ரீச்சர் சிரித்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை முகாமுக்குப் போனாள்.

போய்வந்த பிறகு ஆள் வேறு. உப்பை ஜெர்மனில் கேட்கிறாள். தமிழில் கேட்டால் பேர்ன் ஜெர்மனில் பதில் வருகிறது. படிக்கட்டில் எங்களோடு இறங்கும்போது, "இஞ்ச தமிழ் கதையாதேங்கோ, எல்லாருக்கும் கேக்கும்" என்கிறாள். கேட்டால் என்ன என்று நான் சத்தமாகவே கேட்பேன். அவள் இரண்டு படி முன்னே போய்விடுவாள். பொய் சொல்லாதே என்றுதான் தகப்பன் சொன்னார். அவள் எங்களிடம் தேவைக்கு மேல் ஒரு சொல்லும் சொல்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டாள். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் எனக்கு விசர் பிடிக்காதது பெரிய காரியம்.

6

இன்று காலைக்கு வருகிறேன். ரேடியேற்றர் புரள, இவர் குறடு தேட, இனி இப்படி இருக்கேலாது என்று மகளை அனுப்பி லூதியைக் கூப்பிட்டேன். கடிதத்தையும் எடுத்து மேசையில் வைத்தேன், நாங்கள் தொடவில்லை என்று காட்ட.

லூதி வந்தார். கையில் அதே திறப்பு, அதே சிவப்பு நூல். கோடை முழுக்க நின்றுவிட்டுத் தொடங்கும்போது எல்லா வீட்டிலும் காற்று நிற்கும், பயப்பட ஒன்றுமில்லை என்றார். திருகினார். ஸ்ஸ். நாலு துளி தண்ணீர். மூடினார். அவ்வளவுதான். அந்த நாலு துளியும் கறுப்பு. என் மனுசன் எச்சில் விழுங்கினதை நான் கண்டேன்.

பிறகு லூதி தன் முழங்காலைத் தட்டிக் காட்டிக் கதைத்தார்.

"கட்டடம் முழுக்க இப்பிடித் திறந்து மூட வேணுமாம்," என்றாள் தர்சினி. "ஒராள் கீழை நிண்டு அமுக்கம் பாக்க வேணுமாம், ஒராள் மேலை வீடு வீடாப் போகோணுமாம். அவரின்ரை முழங்கால் ஏலாதாம். அப்பாவுக்கு விருப்பமோ எண்டு கேக்கிறார். தண்ணி வந்த உடனை மூடுவன் எண்டு சொன்னா திறப்பைத் தருவாராம்."

"இந்த மனுசன்ரை கையிலை திறப்பைக் குடுக்க இந்தாளுக்கு விசரோ," என்றேன்.

அதையும் மகள் மொழிபெயர்த்துவிட்டாள். லூதி தலையாட்டினார்.

"அவரும் அதைத்தான் யோசிச்சவராம்," என்றாள் மகள்.

எல்லாரும் இவரைப் பார்த்தோம். ஓம், மூடுவன் என்று சொன்னால் போதும். இரண்டு சொல். அதோடு காரியம் முடிந்துவிடும், வீடும் தப்பிவிடும்.

"தண்ணி வந்த உடனை மூடுவன்," என்றார். எனக்கு மூச்சு வந்தது. இவர் நிறுத்தவில்லை. "ஆனா அந்தக் கறுப்பைக் கண்டால் மூட என்ரை கை பின்னுக்கு நிக்கும். அது நல்ல தண்ணி எண்டு அறிவுக்கு விளங்குது, மனம் இன்னும் ஒத்துக்கொள்ளேல்லை. அதையும் சொல்லு."

"அதைச் சொல்லாதை பிள்ளை," என்றேன். கடிதம் மேசையில் கிடந்தது.

தர்சினி என்னைப் பார்த்தாள். தகப்பனைப் பார்த்தாள். பிறகு லூதியிடம் திரும்பி நிதானமாகச் சொன்னாள். நீளமாகச் சொன்னாள். நான் சொல்லாதே என்றதையும் சொல்லிவிட்டாள் என்பது லூதி என்னைப் பார்த்த பார்வையில் தெரிந்தது.

லூதி திறப்பை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு அதைத் தர்சினியின் கையில் வைத்து ஏதோ சொன்னார்.

"அப்பா திறக்கட்டாம்," என்றாள் அவள். திறப்பை இறுக்கிப் பிடித்தாள். "மூடுறது நானாம்."

இரண்டு பேரும் வாளியோடு மேலே போனார்கள். போகுமுன் இவர் தலை இழுத்தார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. லூதி கீழே இறங்கினார். நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு திறந்த கதவுக்குப் பக்கத்தில் இருந்தேன். எங்கள் ரேடியேற்றர் இப்போது களக் களக் என்பதில்லை, டிக் டிக் என்கிறது. அதற்கு மருந்து இல்லை.

மேலே ஃபிராவ் மோசரின் கதவு திறந்தது. "ஹெர் நாதன்" என்று குரல் கேட்டது. பிறகு படிக்கட்டு முழுக்க, எல்லா மாடிக்கும் எல்லா வீட்டுக்கும் கேட்கும்படி, என் மகளின் குரல், தமிழில்.

"தண்ணி வந்திட்டுது அப்பா, கையை எடுங்கோ. நான் மூடுறன்."

படிக்கட்டில் சத்தம் போடக்கூடாது என்பது இந்தக் கட்டடத்தின் முதல் விதி. நான் எழும்பிப் போய்ச் சொல்லவில்லை.